தீப்பிடிக்காத வலை

உ
ஆட்டையாம்பட்டி
7-6-1983

அன்புத் தம்பி மயில்சாமிக்கு அக்கா சாரதாமணி எழுதுவது. நானும் உன் மச்சானும் பிள்ளைகள் இரண்டு பேரும் இங்கே சுகமாக இருக்கிறோம். நீ சிங்கப்பூரில் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறாயா? போன கடிதத்தில் இருமல் என்று எழுதினாய். அது விட்டதா இல்லையா என்று இந்தக் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை.

ஒரு நல்ல சேதி. உன் மச்சானுக்குச் செவ்வாய்ப்பேட்டையில் பெரிய கட்டடம் ஒன்று கிடைத்திருக்கிறது. இத்தனை வருஷமும் அவர் கட்டியது ஓட்டு வீடும் தறிக் கொட்டகையும்தான். இது மூன்று மாடி ஜவுளிக் கடை. முதலாளி பெயர் குமாரசாமி. தூரத்துச் சொந்தம், ஒறம்பரை என்பதால் நம்பிக் கொடுத்திருக்கிறார். இதை ஒழுங்காக முடித்துவிட்டால் இனி அர்த்தநாரி மேஸ்திரி என்று சொல்ல மாட்டார்கள், காண்ட்ராக்டர் என்பார்கள் என்று உன் மச்சான் சிரித்துக்கொண்டே சொல்கிறார். சிரித்தாலும் ராத்திரி சரியாகத் தூங்குவதில்லை.

அந்தத் தெரு உனக்குத் தெரியும். மூட்டை வண்டியும் ஆளும் விலக இடமில்லாத தெரு. சாரத்தில் இருந்து ஒரு கரண்டிக் கலவை விழுந்தாலும் யார் தலையிலாவதுதான் விழும். அதனால் சாரத்தைச் சுற்றி மறைப்புக் கட்டச் சொல்லிவிட்டார் முதலாளி. சாக்கும் தென்னந்தட்டியும் கட்டலாம் என்றால், எதிரிலேயே பஞ்சு மெத்தைக் கடை இருக்கிறது. ஒரு பீடி நெருப்பு போதும். உங்கள் கம்பெனியில் சாரத்துக்குத் தீப்பிடிக்காத வலை கட்டுவதாக நீ முன்பு எழுதினாயே, அது நம்மைப் போன்றவர்களுக்குக் கிடைக்குமா? மச்சான் கேட்டதாக எழுத வேண்டாம், நானாகக் கேட்பது போல் எழுதச் சொன்னார். அப்படியே எழுதிவிட்டேன்.

மழை இன்னும் இல்லை. உடம்பைக் கவனித்துக்கொள்.

உன் அக்கா
சாரதாமணி

~

சிங்கப்பூர்
29-6-1983

அன்புள்ள அக்காவுக்கும் மச்சானுக்கும் மயில்சாமியின் வணக்கம். உங்கள் எல்லோருடைய சுகத்துக்கும் திருச்செங்கோட்டு மலையானைக் கும்பிட்டுக்கொள்கிறேன். இருமல் விட்டுவிட்டது.

மச்சானுக்குப் பெரிய வேலை கிடைத்ததைப் படித்தபோது இங்கே பக்கத்துப் படுக்கைக்காரர்களை எல்லாம் எழுப்பிச் சொன்னேன். வலையைப் பற்றிக் கேட்டாய். எங்கள் ஜப்பான் கம்பெனியில் சாரம் முழுவதையும் பச்சை வலையால் மூடித்தான் வேலை செய்ய வேண்டும். மேலே வெல்டிங் வைத்துப் பொறி கொட்டினாலும் அந்த வலையில் ஓட்டை விழுமே தவிரத் தீ பரவாது. ஏதோ மருந்தில் ஊறவைத்துச் செய்கிறார்கள். பாதுகாப்பைக் கவனிக்கும் ஜப்பான்காரர் ஒருவர் மாதம் ஒருமுறை வருவார். வலையின் ஓரத்தில் ஒரு துண்டு வெட்டி லைட்டரில் காட்டுவார். அது சுருங்கிக் கறுத்து அணைந்துவிடும். நான் கண்ணால் பார்த்தது.

சூப்பர்வைசர் என்ற முறையில் கேட்டேன். கம்பெனியே எனக்கு இரண்டு கட்டு கொடுத்துவிட்டது. மல்லசமுத்திரம் ராசு அடுத்த மாதம் மெட்ராஸ் கப்பலில் ஊருக்கு வருகிறார், அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். ஓரத்தில் மஞ்சள் பெயிண்ட் பூசியிருக்கும். அது கம்பெனி அடையாளம், வேறொன்றும் இல்லை. வேண்டுமானால் அந்த ஓரத்தை மடித்துக் கட்டச் சொல்.

இனி மச்சானைக் காண்ட்ராக்டர் என்றுதான் எழுதுவேன்.

அன்புத் தம்பி
மயில்சாமி

~

உ
ஆட்டையாம்பட்டி
18-9-1983

அன்புத் தம்பிக்கு. நாங்கள் எல்லோரும் சௌக்கியம். சின்னவனுக்குக் காய்ச்சல் வந்து போய்விட்டது, கவலைப்படாதே. நீ நன்றாக இருக்கிறாய் என்று ராசு சொன்னார். உன் வேலையைப் பற்றிக் கேட்டேன். அவர் பிடிகொடுத்துப் பேசவில்லை. கூச்ச சுபாவம் போலிருக்கிறது.

வலை கட்டியாயிற்று. சவுக்குக் கம்பும் மூங்கிலுமாக நிற்கிற நம் சாரத்துக்குப் பச்சைச் சேலை உடுத்தியது போல் இருக்கிறது. தெருவில் போகிறவர்கள் நின்று அண்ணாந்து பார்க்கிறார்கள். ஒரு தீக்குச்சி கிழித்துக் காட்டலாம் என்று உன் மச்சானுக்கு ஆசை. குமாரசாமி முதலாளிதான், "சீமைச் சாமானை எதுக்கு மேஸ்திரி கொளுத்திப் பாக்கறீங்க? பாத்தாலே தெரியலீங்களா?" என்று தடுத்துவிட்டாராம். அதற்குப் பிறகு வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் முதலாளியே, இது தீப்பிடிக்காது, மேஸ்திரியின் மச்சினன் சிங்கப்பூரில் சூப்பர்வைசர் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

முன்பு வெல்டிங் நடக்கும்போது பாவாயி என்ற சித்தாள் கீழே ஈரச் சாக்கும் வாளித் தண்ணீருமாக நிற்பாள். பொறி விழுந்த இடத்தில் எல்லாம் சாக்கைப் போட்டு அணைப்பாள். வலை வந்த பிறகு அது தேவையில்லாமல் போய்விட்டது. அவளையும் கலவை சுமக்க மேலே அனுப்பியாயிற்று. வேலை வேகமாக நடக்கிறது.

இன்னொன்று. மேச்சேரியில் ஆட்டுப் பட்டி வைத்திருக்கிற குடும்பம் ஒன்று உனக்குப் பெண் கொடுக்கக் கேட்கிறார்கள். பெண் பெயர் வசந்தாமணி, பத்தாவது வரை படித்திருக்கிறாள். பெண்ணின் அப்பா சேலத்துக்கு வந்தபோது செவ்வாய்ப்பேட்டைக்குப் போய்க் கட்டடத்தைப் பார்த்தாராம். இந்த வலையை அனுப்பியது மாப்பிள்ளைதானா என்று இரண்டு தரம் கேட்டாராம். எனக்கு எவ்வளவு பெருமை என்று எழுதத் தெரியவில்லை, சாமி.

பதில் எழுது.

அக்கா

~

சிங்கப்பூர்
10-10-1983

அன்புள்ள அக்காவுக்கு. நலம். சின்னவன் எப்படி இருக்கிறான்? உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். மேச்சேரிக் காரியம் உன் இஷ்டம், மச்சான் இஷ்டம். அவர்களிடம் என் வேலையைப் பற்றி அதிகம் சொல்லிக்கொள்ள வேண்டாம். வலையைப் பற்றியும் யாரிடமும் பெரிதாகப் பேச வேண்டாம். கண் பட்டுவிடும்.

இங்கே வேலை அதிகம். அடுத்த கடிதத்தில் விவரமாக எழுதுகிறேன்.

தம்பி
மயில்சாமி

~

உ
ஆட்டையாம்பட்டி
2-12-1983

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது. உன் உடம்பு நன்றாக இருக்க வேண்டும். எங்கள் சுகத்தைப் பற்றி எப்படி எழுதுவது என்று தெரியாமல் இந்தக் கடிதத்தை நான்கு நாளாகக் கையில் வைத்திருந்தேன்.

கட்டடத்தில் தீப்பிடித்துவிட்டது. கடைக்குப் போர்டு மாட்டுவதற்கான இரும்புச் சட்டத்தை மூன்றாம் மாடியில் வைத்து வெல்டிங் செய்திருக்கிறார்கள். வெல்டர் கந்தன், நம் ஊர்க்காரன்தான், உனக்குத் தெரியும். பொறி விழுந்த கொஞ்ச நேரத்தில் வலை பற்றிச் சரசரவென்று மேலே ஏறி, சாரக் கயிறும் பற்றி, ஒரு பக்கச் சாரம் அப்படியே கீழே சரிந்துவிட்டது. மற்றவர்கள் ஜன்னல் வழியாக உள்ளே குதித்துவிட்டார்கள். பாவாயி தலையில் கலவைச் சட்டியோடு நடுவில் நின்றிருக்கிறாள். வலை உருகி அவள் கழுத்திலும் இடது கையிலும் ஒட்டிக்கொண்டது. பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். உயிருக்குப் பயமில்லை என்கிறார்கள். கந்தன் உள்ளிருந்து ஓடிவந்து வெறுங்கையால் அதைப் பிய்த்திருக்கிறான். அவன் கையும் வெந்துவிட்டது.

போலீஸ் வந்து கந்தனைப் பிடித்துக்கொண்டு போய்விட்டது. கவனக்குறைவாக வெல்டிங் செய்தான் என்று முதலாளி எழுதிக் கொடுத்திருக்கிறார். உன் மச்சான் வேலைக்குப் போகாமல் திண்ணையிலேயே உட்கார்ந்திருக்கிறார். என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். அந்த வலை தீப்பிடிக்காதது, வெல்டர் அளவுக்கு மீறி ஏதோ செய்ததால்தான் பற்றியது என்று உன் கைப்பட ஒரு கடிதம் வேண்டுமாம். சிங்கப்பூர் சூப்பர்வைசர் எழுதியது என்றால் இன்ஸ்பெக்டர் ஒத்துக்கொள்வாராம். இல்லாவிட்டால் பழி மச்சான் மேல் வரும்.

உடனே எழுது, சாமி. வேறொன்றும் எழுதத் தோன்றவில்லை.

அக்கா

~

உ
ஆட்டையாம்பட்டி
9-1-1984

அன்புத் தம்பிக்கு. நீ சுகமாக இருக்கிறாயா என்பதே தெரியவில்லை. உன்னிடம் இருந்து ஒரு வரியும் இல்லை. கடிதம் தவறிவிட்டதோ என்று ராசுவிடம் கேட்டேன். தவறாது என்றார்.

கந்தன் ஜாமீனில் வந்திருக்கிறான். இரண்டு கைக்கும் கட்டுப் போட்டிருக்கிறது, சோறு கூட அவன் பெண்டாட்டி சௌந்திரம்தான் ஊட்டிவிடுகிறாள். அவள் நேற்று நம் வீட்டுக்கு வந்தாள். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. வாசற்படியில் நின்று உன் மச்சானைப் பார்த்து, "ஏனுங்க மேஸ்திரி, என்ன நடந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியுமுங்களே. நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதுமுங்க" என்றாள். உன் மச்சான் சட்டையை மாட்டிக்கொண்டு பின்வாசல் வழியாகப் போய்விட்டார். நான் அவளிடம் மோர் குடிக்கிறாயா என்று கேட்டேன். கேட்ட பிறகு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது.

அவளுக்கு என்ன தெரியும், இவருக்கு என்ன தெரியும் என்று கேட்டுப் பார்த்தேன். உனக்கு எதற்கு அதெல்லாம் என்கிறார்.

பதில் எழுது. நல்லதோ கெட்டதோ, எழுது.

அக்கா

~

சிங்கப்பூர்
30-1-1984

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு வணக்கம். தாங்கள் கேட்டபடி எழுதுகிறேன். நான் அனுப்பிய வலை நல்ல தரமானது. தீப்பிடிக்காத வகையைச் சேர்ந்தது. இங்கே எங்கள் கம்பெனியில் உபயோகிக்கும் அதே வலைதான். வெல்டிங் செய்பவர் முறைப்படி செய்திருந்தால் அது பற்றியிருக்காது. இதை யாரிடம் வேண்டுமானாலும் காட்டலாம்.

இப்படிக்கு
மு. மயில்சாமி
சூப்பர்வைசர்

அக்கா, உடம்பு சரியில்லாததால் பதில் தாமதம். மன்னித்துக்கொள். அந்தச் சித்தாளுக்கு இப்போது எப்படி இருக்கிறது? கந்தனுக்குப் பெரிதாக ஒன்றும் செய்துவிட மாட்டார்கள் இல்லையா? அபராதத்தோடு விட்டுவிடுவார்கள்தானே?

~

உ
ஆட்டையாம்பட்டி
14-3-1984

தம்பி மயில்சாமிக்கு அக்கா எழுதுவது. பிள்ளைகள் சுகம்.

உன் கடிதத்தை இன்ஸ்பெக்டர் வாங்கிப் படித்துவிட்டுப் பத்திரமாக வைத்துக்கொண்டாராம். முதலாளி மறுபடியும் வேலையைத் தொடங்கச் சொல்லிவிட்டார். கந்தனுக்கு இனி இந்தப் பக்கம் யாரும் வேலை கொடுப்பதாக இல்லை. ஒரு பெண்ணைச் சாகக் கொடுக்கப் பார்த்தவன் என்று கடைத்தெருவில் அவன் முகத்துக்கு நேராகவே பேசுகிறார்கள். ஜெயிலுக்குப் போவான் என்றுதான் சொல்கிறார்கள். நீ அபராதம் என்று கேட்டிருந்தாய்.

போன வாரம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். உன் மச்சானுக்குச் சொல்லவில்லை. பாவாயி என்னைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துக் கழுத்தை மூடிக்கொண்டாள். அவளுக்குத்தான் கூச்சம். நான் கொண்டுபோன ஆரஞ்சுப் பழத்தை உரித்துக் கொடுத்தேன். பேச்சோடு பேச்சாக, "பாவங்க கந்தன். அவன் மேல தப்பில்லீங்க அக்கா. வலைதானுங்க மொதல்ல பத்துச்சு. பஞ்சு பத்தறாப்பல பத்துச்சுங்க" என்றாள். சற்று நேரம் கழித்து, "உங்க தம்பி அவ்வளவு தூரத்துல இருந்து ஆசையா அனுப்புனது. அதுவும் வீணாப் போயிருச்சுங்களே" என்றாள். தம்பி, வெந்து கிடக்கிறவள் உன் வலைக்காக வருத்தப்பட்டாள்.

வீட்டுக்கு வந்தேன். சாரத்துக்குப் போக மிஞ்சிய துண்டு ஒன்றைக் கோழிக் கூண்டின் மேல் போட்டு வைத்திருந்தேன். அதில் கையகலம் கத்தரித்து அடுப்பில் ஒரு முனையைக் காட்டினேன். நீ எழுதியது போல் சுருங்கிக் கறுத்து அணையும் என்று பார்த்தேன். காகிதம் போல் பற்றிக்கொண்டது. கையை உதறினேன். அடுப்பு மேடையில் விழுந்தும் எரிந்துகொண்டேதான் இருந்தது. தண்ணீர் ஊற்றி அணைத்தேன்.

அந்தத் துண்டில் எண்ணெய் ஏதாவது பட்டிருக்குமோ என்று இன்னொரு துண்டும் வெட்டிப் பார்த்தேன். அதுவும் எரிந்தது.

உன் மச்சான் சாப்பிட வந்தபோது அவர் எதிரிலும் ஒரு துண்டைக் கொளுத்திக் காட்டினேன். பார்த்துவிட்டு இலையில் இருந்து எழுந்து கை கழுவிக்கொண்டார். அதில் இருந்து வீட்டில் நாங்கள் பேசிக்கொள்வது குழந்தைகள் மூலமாகத்தான்.

உன்னை நான் திட்டவில்லை. நீ எட்டு வயதில் இருந்து என் கையில் வளர்ந்தவன். ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஜனவரியில் அந்தக் கடிதத்தை எழுதும்போது, இது எரியும் என்று உனக்குத் தெரியுமா, தெரியாதா?

சாரதாமணி

~

சிங்கப்பூர்
20-4-1984

அக்காவுக்கு.

தெரியும்.

இந்த ஒரு சொல்லை எழுதிவிட்டு ஒரு வாரம் கடிதத்தை மடித்து வைத்திருந்தேன். இனி மீதியையும் எழுதுகிறேன்.

நான் சூப்பர்வைசர் இல்லை, அக்கா. வந்த நாளில் இருந்து இல்லை. சாரத்தில் இருந்து இறக்கிய வலையைத் தண்ணீர் அடித்துக் கழுவி, காயவைத்து, சுருட்டிக் கட்டுவதுதான் என் வேலை. முதல் வருஷம் ஊரில் எல்லோரும் கேட்கிறார்கள் என்று நீ எழுதியபோது கௌரவமாக இருக்கட்டும் என்று எழுதிவிட்டேன். பிறகு மாற்றி எழுத முடியவில்லை. ராசு என்னோடு ஒரே தகரக் கொட்டகையில் இருந்தவர். என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்றுதான் உன்னிடம் வாயைத் திறக்காமல் இருந்திருப்பார்.

வலையைக் கம்பெனி எனக்குக் கொடுக்கவில்லை. கழித்துப் போட்ட குவியலில் இருந்து எடுத்தேன். ஸ்டோரில் இருந்த சீனர் எடுத்துக்கொள் என்று கையைக் காட்டினார். மஞ்சள் பெயிண்ட் பூசினால் இனி உதவாது என்று அர்த்தம். அது எனக்குத் தெரியும். ஆனால் கிழிசலுக்காகக் கழித்தது என்று நினைத்தேன். கிழிசல் குறைவாக இருந்த கட்டாகப் பார்த்துத்தான் எடுத்தேன். அதை நீ நம்புவாயா என்று தெரியவில்லை. நம்பாவிட்டாலும் நியாயம்தான்.

உன் டிசம்பர் கடிதம் வந்ததும் தெரிந்தவர்களிடம் விசாரித்தேன். வெயிலிலும் மழையிலும் இரண்டு வருஷம் கிடந்தால் அந்த மருந்து போய்விடுமாம். அதற்குப் பிறகு அது சாதாரண நைலானை விட மோசமாக எரியுமாம். அந்தக் குவியல் முழுவதும் லைட்டர் சோதனையில் தோற்றது. எனக்கு உடம்புக்கு எதுவும் இல்லை, அக்கா. கடிதம் எழுதாமல் இருந்த அத்தனை நாளும் நன்றாகத்தான் இருந்தேன். வேலைக்குப் போனேன், சாப்பிட்டேன். ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் ரோட்டுக்குப் போய்ப் படம் கூடப் பார்த்தேன். பிறகு உட்கார்ந்து கந்தன் மேல் பழியைப் போட்டு எழுதினேன். கீழே சூப்பர்வைசர் என்று கையெழுத்தும் போட்டேன்.

உன் கடிதத்தைப் படித்த மறுநாள் அந்த ஜப்பான்காரரிடம் போனேன். ஆபீசில் இருக்கும் மலையாளி கிளார்க் அவருக்கு எடுத்துச் சொன்னார். கழித்த வலையை எடுத்தது, ஊருக்கு அனுப்பியது, அங்கே தீப்பிடித்தது எல்லாவற்றையும் சொன்னேன். வேலை போகும் என்று பெட்டியைக் கட்டி வைத்துவிட்டுத்தான் போயிருந்தேன். அவர் என்னைத் திட்டவில்லை. வெந்துபோன பெண்ணின் பெயர் என்ன என்று கேட்டார். பாவாயி என்றேன். வயது என்ன என்றார். தெரியாது என்றேன். குழந்தைகள் உண்டா என்றார். அதுவும் தெரியாது என்றேன். அவர் காகிதத்தில் பெயரை மட்டும் எழுதிக்கொண்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது, அக்கா. இத்தனை மாதத்தில் அவளுக்கு எத்தனை வயது என்று கூட நான் உன்னைக் கேட்கவில்லை.

அந்த வலை தீ தாங்காது என்று கழிக்கப்பட்டது என்று கம்பெனிக் காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். இதோடு வைத்திருக்கிறேன். நான் எழுதியது பொய் என்று நானும் தனியாக எழுதிவைத்திருக்கிறேன். மச்சானுக்கு இதனால் என்ன வரும் என்று எனக்குத் தெரிகிறது. இதைக் கொடுப்பதும் கிழிப்பதும் உன் கையில். மேச்சேரிக்காரர்களிடம் நான் என்ன வேலை செய்கிறேன் என்று சொல்லிவிடு. என்னை இப்போதைக்கு வேலையில் வைத்திருக்கிறார்கள். ஏன் என்று தெரியவில்லை. போகச் சொல்லியிருந்தால் கூடத் தேவலை.

உன் உடம்பைப் பார்த்துக்கொள் என்று எழுத எனக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் பார்த்துக்கொள்.

மயில்சாமி

~

ஆட்டையாம்பட்டி
12-5-1984

மாப்பிள்ளை மயில்சாமிக்கு அர்த்தநாரி எழுதுவது. எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கம் இல்லை. உன் அக்காதான் எழுதுவாள். இது அவளை எழுதச் சொல்ல முடியாத கடிதம்.

நீ அனுப்பிய காகிதம் வந்தது. உன் அக்கா அதை என் கையில் கொடுத்துவிட்டு, தோட்டத்துப் பக்கம் போய்விட்டாள். வேண்டுமானால் கிழித்துக்கொள்ளட்டும் என்று விட்டாளோ என்னவோ. கிழிக்கவில்லை.

நீ வலை எரியாது என்றுதான் எழுதினாய். ஈரச் சாக்கும் தண்ணீரும் வேண்டாம் என்று எழுதவில்லை. அதைச் சொன்னது நான். அன்றைக்குக் காலையிலும் கந்தன், "பாவாயியக் கீழ நிக்கச் சொல்லுங்க மேஸ்திரி, எனக்குப் பயமா இருக்குது" என்றான். நாலு பேர் எதிரில் அவனைக் கேலி பண்ணினேன். இது சிங்கப்பூரில் உன்னைவிடப் படித்தவன் செய்த வலைடா என்று அவனிடம் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். பாவாயியும் சிரித்தாள். அவளை மேலே போகச் சொன்னேன்.

உன் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுதினால் பொய். ஆனால் என் பங்கை உன் தலையில் வைத்துக் கட்டப் போவதில்லை. உடம்பு பத்திரம்.

அர்த்தநாரி

~

உ
ஆட்டையாம்பட்டி
31-7-1984

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய் வருகிறார்கள். எனக்குக் கால் வலி தவிர ஒன்றும் இல்லை. நீ மெலிந்துவிட்டதாக ராசுவுக்கு யாரோ எழுதியிருக்கிறார்கள். சோற்றை விட்டு என்ன ஆகப் போகிறது? ஒழுங்காகச் சாப்பிடு.

நேற்றுக் கோர்ட்டில் கேஸ் எடுத்தார்கள். நானும் போயிருந்தேன். உன் மச்சான் கொண்டுபோய்க் கொடுத்த உன் காகிதங்களையும் ஜப்பான்காரர் கடிதத்தையும் கந்தனின் வக்கீல் கோர்ட்டில் கொடுத்தார். மாஜிஸ்திரேட் படித்தார். அந்தக் காகிதங்கள் போதும், நீங்கள் வாயைத் திறக்க வேண்டாம், எல்லாம் வலையின் மேல் போய்விடும் என்று வக்கீல் உன் மச்சானிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார். சாட்சிக் கூண்டில் ஏறிய பிறகு இவர் அந்தப் பேச்சைக் கேட்கவில்லை. கேள்வி கேட்பதற்கு முன்பே, "ஈரச் சாக்கு வேண்டாமுன்னு சொன்னது நானுங்க சாமி. கந்தன் கேட்டானுங்க. நாந்தானுங்க கேலி பேசிப் பாவாயிய மேல அனுப்புனேன்" என்றார். சத்தம் சரியாக வரவில்லை. மாஜிஸ்திரேட் மறுபடியும் சொல்லச் சொன்னார். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி மறுபடியும் சொன்னார். குமாரசாமி முதலாளி பாதியிலேயே எழுந்து வெளியே போய்விட்டார்.

கந்தனை விட்டுவிட்டார்கள். மச்சான் பேரில் தனியாகக் கேஸ் வரும் என்றார் வக்கீல். செவ்வாய்ப்பேட்டை வேலையை முதலாளி வேறு ஆளிடம் கொடுத்துவிட்டார். புதுக் காண்ட்ராக்டர் தென்னந்தட்டி கட்டியிருக்கிறார். மேச்சேரியில் இருந்து பதில் இல்லை, நானும் கேட்கப் போகவில்லை.

பாவாயிக்கு முப்பத்தொரு வயது. இரண்டு பெண் குழந்தைகள். புருஷன் இல்லை. நீ கேட்கவில்லை என்று எழுதியிருந்தாயே, அதனால் எழுதுகிறேன். கழுத்தைத் திருப்ப முடிகிறது. இடது கை மடங்காது. ஆனி மாதம் நானும் உன் மச்சானும் அவள் வீட்டுக்குப் போனோம். இவர் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடிக்கும்வரை அவள் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். பிறகு, "நானும் அன்னைக்குச் சிரிச்சனுங்க மேஸ்திரி" என்றாள். அவ்வளவுதான். சரி என்றும் சொல்லவில்லை, போங்கள் என்றும் சொல்லவில்லை. நாங்களாக எழுந்து வந்தோம்.

நேற்றுக் கோர்ட்டு முடிந்து ஊருக்கு வர பஸ் ஏறினோம். முன்பக்கம் பெண்கள் சீட்டில் நான் உட்கார்ந்தேன். பஸ் கிளம்புகிற நேரத்துக்குக் கந்தனும் சௌந்திரமும் ஏறினார்கள். சௌந்திரம் என்னைப் பார்த்துவிட்டு இரண்டு சீட் தள்ளி உட்கார்ந்தாள். கந்தன் பின்னால் போய், முன்பே துண்டு போட்டு இடம் பிடித்து வைத்திருந்த சீட்டில் உட்கார்ந்தான். உன் மச்சான் பின்பக்கக் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டிருந்தார். கந்தனுக்குப் பக்கத்தில்தான் ஒரு இடம் காலி. அதில் அவன் துண்டு கிடந்தது. கொஞ்ச நேரம் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தவன், துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு ஜன்னல் ஓரமாக நகர்ந்து உட்கார்ந்தான். முகத்தைத் திருப்பவில்லை. தழும்பு விழுந்த அந்தக் கையைப் பக்கத்து இடத்தில் இருந்து எடுத்துக்கொண்டான், அவ்வளவுதான்.

உன் மச்சான் அதைப் பார்த்தார். நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். கண்டக்டர் கூட, "அதான் எடமிருக்குதுங்களே, உக்காருங்கண்ணா" என்றான். "இருக்கட்டும் சாமி" என்றார். வழியெல்லாம் ஆள் ஏறினார்கள், இறங்கினார்கள். இவருடைய இடம் என்று நினைத்தார்களோ என்னவோ, அந்த இடத்தில் வேறு யாரும் உட்காரவில்லை. ஆட்டையாம்பட்டி வரைக்கும் அவர் நின்றுகொண்டேதான் வந்தார்.

உடம்பைப் பார்த்துக்கொள். வாரம் ஒரு கடிதம் போடு, என்ன வேலை செய்தாய் என்று எழுது.

உன் அக்கா
சாரதாமணி